பில் பாதியில் நின்றால்

வணக்கம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்குக் குளோஜர் என்ற நிரல்மொழியில் பில்லிங் எழுதுகிறேன். சரக்கைக் கழிப்பது, பில் எண் போடுவது, வாடிக்கையாளரின் கடன் கணக்கில் ஏற்றுவது என்று மூன்று படிகள். ஒவ்வொன்றும் ஆட்டமில் (atom, மாறும் மதிப்பை வைக்கும் பெட்டி) எழுதுகிறது. இஃப்களை அடுக்கி அடைப்புக்குறிகளில் தொலைந்து, கடைசியில் ஒரு படி வெறுமையைத் தந்ததும் மீதியை நிறுத்திவிடும் 'சம்' அம்புக்குறி (some->) மேக்ரோவுக்கு மாறினேன். இப்போது நில் (nil, அந்த வெறுமை) மட்டும் வருகிறது. ஏன் நின்றது என்று கவுண்டர் அக்காவுக்குச் சொல்ல வழியில்லை. என்ன செய்யலாம்?
வாசகர், கோலாலம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

நில் காரணத்தைச் சுமக்காது. ஒவ்வொரு படியும் கடையின் நிலையை மேப்பாக (பெயரும் மதிப்பும் ஜோடி ஜோடியாக உள்ள தொகுப்பாக) வாங்கி, புது மேப்பையோ காரணம் எழுதிய பிழையையோ திருப்பித் தரட்டும். பிழை வந்ததும் மீதிப் படிகளைத் தாண்டும் மேக்ரோவை நீங்களே எழுதிக்கொள்ளலாம். சின்ன வேலைதான்.

அதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் ஆட்டம். பினாங்கு லெபோ பாசாரில் ஒரு கடைக்கு நானும் இப்படித்தான் படிக்குப் படி எழுதிவைத்தேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் சரக்கு குறைந்திருந்தது, அதற்குரிய பில் இல்லை. இரவெல்லாம் வேட்டிக் கட்டுகளைக் கையால் எண்ணினோம். கடன் வரம்பு தாண்டி மூன்றாம் படி நின்றபோது, முதல் படி கழித்த சரக்கைத் திருப்பி வைக்க யாருமில்லை.

குளோஜரில் மேப் மாறுவதில்லை. மூன்று படிகளும் புதுப் புது மேப்பைத்தான் தருகின்றன, பழையது அப்படியே கையில் இருக்கிறது. ஆகவே பிழை வந்தால் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள்: சரக்கும் பில் எண்ணும் தானாகவே பழைய இடத்தில் நிற்கும். ஆனால் நின்றுபோன பில்லின் காரணமும் சேர்ந்து அழியக் கூடாது. அந்தப் பழைய மேப்பிலிருந்தே, 'நின்றவை' என்றொரு பட்டியலில் அதைச் சேர்த்து ஒரு புது மேப் எடுத்துக்கொள்ளுங்கள். எது அழிய வேண்டும், எது மிஞ்ச வேண்டும் என்பதை மேக்ரோ தீர்மானிக்காது, கடை முதலாளியிடம் கேட்டு நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

முழுச் சங்கிலியையும் ஆட்டமின் மதிப்பை மாற்றும் ஒரே ஸ்வாப்புக்குள் (swap!) வையுங்கள். அதே நேரத்தில் ஓடும் இன்னொரு த்ரெட் (இணை ஓட்டம்) குறுக்கிட்டால் ஸ்வாப் உங்கள் ஃபங்ஷனை மறுபடி ஓட்டும். அதனால் ரசீது அச்சிடுவதும் கார்டில் 50 வெள்ளி எடுப்பதும் அதற்குள் வரவே கூடாது.

1994இல் தரப்படுத்தப்பட்ட காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழியில் ரீஸ்டார்ட் என்ற வசதி உண்டு. அங்கே ஸ்டாக் (பாதியில் நிற்கும் ஃபங்ஷன்களின் அடுக்கு) கலைவதற்கு முன்பே ஹேண்ட்லர் (பிழையைக் கவனிக்கும் பகுதி) ஓடுவதால், "வேறு தொகை போடவா?" என்று அக்காவிடம் கேட்டு, நின்ற இடத்திலிருந்தே தொடரலாம். குளோஜரில் பிழையைப் பிடிக்கும் கேட்ச்சுக்கு வரும்போது ஸ்டாக் கலைந்துவிட்டிருக்கும். எனக்கு அந்த ரீஸ்டார்ட் இன்னும் ஏக்கம்தான்.