கட்டைவிரல் அடிபட்டால்: விளையாட்டு வீரர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் கோல்கீப்பர். பந்து பட்டுக் கட்டைவிரல் வெளிப்பக்கமாக மடங்கிவிட்டது. மூன்று நாளாகியும் சாவியைத் திருக முடியவில்லை. சுளுக்குதானே?

பதில்: தயவுசெய்து சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். கட்டைவிரலின் அடிமூட்டில், ஆள்காட்டி விரல் பக்கமாக ஒரு ஜவ்வு இருக்கிறது. எதையும் இறுக்கிப் பிடிக்கும்போது மூட்டு விலகாமல் காப்பது அதுதான். பனிச்சறுக்கில் கைத்தடியோடு விழுபவர்களுக்கும் இதே ஜவ்வுதான் கிழியும். பாதி கிழிந்திருந்தால் விரலை அசையாமல் வைக்கும் ஸ்ப்ளின்ட் 4 முதல் 6 வாரம் போட்டாலே பெரும்பாலும் கூடிவிடும். முழுதாகக் கிழிந்தால் கதை வேறு. அறுந்த முனை சில சமயம் பக்கத்துத் தசையின் பட்டைக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். இதை ஸ்டெனர் என்ற மருத்துவர் 1962-ல் விளக்கினார். நடுவில் அந்தப் பட்டை தடுப்பதால் எத்தனை மாதம் கட்டுப் போட்டாலும் முனைகள் சேராது. அறுவை சிகிச்சைதான் வழி. அதையும் முதல் சில வாரங்களுக்குள் செய்தால்தான் நேராகத் தைக்க எளிது. அதனால் இந்த வாரமே கை மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டு ஆடுகிறதா என்று நீங்களே வளைத்துப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆடலாமா?

பதில்: எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. வலி குறையவில்லை என்றால் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்கச் சொல்வார்கள். அப்புறம், கட்டைவிரலை விரித்தால் மணிக்கட்டுப் பக்கம் ஒரு குழி தெரியும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? ஸ்கேபாய்ட் என்ற சிறிய மணிக்கட்டு எலும்பின் முறிவாக இருக்கலாம். அது முதல் எக்ஸ்ரேயில் தப்பிவிடுவது உண்டு.

கேள்வி: விரல் பிசகினால் மைதானத்திலேயே இழுத்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. மூட்டுக்கு உள்ளே திசு மாட்டியிருந்தால் இழுக்க இழுக்க இன்னும் இறுகும். மோதிரம் இருந்தால் உடனே கழற்றுங்கள். விரலை இருக்கிற நிலையிலேயே அசையாமல் கட்டி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: ஸ்ப்ளின்ட் எடுத்தாச்சு. எப்போது களமிறங்கலாம்?

பதில்: வலி நின்றது மட்டும் போதாது. கிள்ளிப் பிடிக்கும் பலம் மற்றக் கைக்குக் கிட்டத்தட்ட சமமாக வரட்டும். மூட்டு உறுதியாக இருக்கிறது என்று மருத்துவரும் சொல்லட்டும். திரும்பிய பிறகும் சில வாரம் டேப் சுற்றியே ஆடுங்கள்.