விருந்தாளிக்குப் போட்ட விதி

கேள்வி: 2024 செப்டம்பரில் இலங்கை ஜனாதிபதித் தேர்தலுக்கு, ஆசிய அமைப்பு ஒன்றின் தன்னார்வக் கண்காணிப்பாளராக யாழ்ப்பாணம் போய் வந்தேன். என்ன அமைதி, என்ன ஒழுங்கு! திரும்பி வந்து பார்த்தால் நம் வேலூர் அரசியலே குமட்டுகிறது. 2019-ல் நம் மானம் சந்தி சிரித்ததே! இனி எந்தக் கட்சி பக்கமும் போவதில்லை, கடைசிவரை நடுநிலைப் பார்வையாளனாகவே இருப்பேன். காமராஜர் ஜெயித்த குடியாத்தத்துக்காரன் எடுத்த முடிவு சரிதானே?
— வாசகர், குடியாத்தம் அருகே ஒரு கிராமம் (எட்டுப் பக்கக் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

பதில்: சரியில்லை.

லீவு போட்டுப் போய், காலை 7 மணிக்கு முன்பே வாக்குச்சாவடி வாசலில் நின்று ஃபாரம் நிரப்பியிருக்கிறீர்கள். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். நீங்கள் பார்த்ததும் பொய்யில்லை. மூன்று மொழியில் வாக்குச்சீட்டு, 1, 2, 3 என்று விருப்ப எண், முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதி தேறாமல் அந்நாட்டில் முதன்முறையாக இரண்டாவது விருப்பத்தையும் எண்ணியது, எல்லாம் பார்க்க வேண்டியவைதான்.

ஆனால் நீங்கள் நின்ற அதே யாழ்ப்பாணத்தில் வட மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பரில். சபையின் காலம் 2018-ல் முடிந்தது. நீங்கள் போன நாள்வரை அடுத்த தேர்தல் வரவில்லை. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலையும் காசில்லை என்று தள்ளிவைத்தார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது, நீங்கள் போவதற்கு ஒரு மாதம் முன்புதான். நடக்காத தேர்தலுக்கு எவரும் பார்வையாளர் அனுப்புவதில்லை. அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பது?

நம்மூரில் மட்டும் என்ன வாழ்ந்தது? 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் காலம் முடிந்தது. பெரும்பாலான மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. வேலூரை மூன்று மாவட்டமாகப் பிரித்ததில் நமக்கு 2021 அக்டோபர்தான். ஐந்து வருடம் தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை, எதற்கெடுத்தாலும் தனி அலுவலர். அந்த ஐந்து வருடத்தில் குமட்டியதாக உங்கள் எட்டுப் பக்கத்தில் ஒரு வரி இல்லை.

2019 கதையையும் முழுசாகச் சொல்ல வேண்டும். 11 கோடி ரூபாய்க்கு மேல் பிடிபட்டு, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தானது. அது சந்தி சிரித்த கதை. அப்புறம் ஆகஸ்ட் 5-ல் நடந்த தேர்தலில் வெற்றி வித்தியாசம் 8,141 ஓட்டு. நோட்டாவுக்கு விழுந்தது 9,000-க்கும் மேல். உங்களைப் போல வெறுத்துப்போனவர்கள் கையில் முடிவே இருந்திருக்கிறது. வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனார்கள்.

நடுநிலை, தலையிடாமை என்பதெல்லாம் 2005-ல் ஐ.நா.வில் வெளியிட்ட பன்னாட்டுக் கண்காணிப்பு நெறிகளில் இருக்கிறது. கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். தேர்தல் அந்த ஊர்க்காரர்களுடையது, நீங்கள் விருந்தாளி. அதனால் அந்த விதி. விருந்தாளி அடுப்படிக்குள் போய் உப்புப் பார்க்கக் கூடாது. சொந்த வீட்டிலும் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டு சாப்பாடு சரியில்லை என்றால் வீட்டில் என்ன பெயர் வைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

காமராஜரை வேறு இழுத்துவிட்டீர்கள். 1954-ல் முதல்வரான பிறகு சட்டமன்றத்துக்குள் வர அவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். காங்கிரஸைக் கண்டாலே ஆகாத பெரியார் ஆதரித்தார். கம்யூனிஸ்ட்டுகள் எதிர்த்து நின்றார்கள். ஆளாளுக்கு ஒரு கணக்கு, ஆளாளுக்கு ஒரு பக்கம். அன்று உங்கள் ஊரில் நடுநிலை வகித்தவர் யாரென்று ஒருவருக்கும் ஞாபகமில்லை.

நான் ஒருமுறை பள்ளிகொண்டா பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சுயேச்சைக்கு பூத் ஏஜென்டாக உட்கார்ந்தேன். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு, முழங்கால் முகவாயில் இடிக்கும். காலையில் ஓட்டுப் போட வந்த எதிரணி ஆள் ஒருவரை, பட்டியலில் இருப்பவர் இவர் இல்லை என்று, அதற்கான கட்டணம் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபித்தேன். விசாரித்ததில் அவர் அவரேதான். பணம் போச்சு. என் வேட்பாளருக்கோ ஏஜென்டுக்குச் சோறு வாங்கித் தர வக்கில்லை. மத்தியானம் அதே எதிரணியின் ஏஜென்டு பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து, கத்தரிக்காயை என் பக்கம் தள்ளி, "துன்னு நைனா, இருந்த ரெண்டு ரூபாயும் கட்டிட்டே" என்றார். சாயங்காலம் 17சி படிவத்தில் மொத்த ஓட்டை எழுதி நகல் கொடுத்தபோது வாங்கிக்கொள்ள மிச்சமிருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். மறுநாள் டீக்கடையில் அவர் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. விமானம் ஏறிப் போய்விட முடியாது பாருங்கள். அரசியல் என்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

2021-ல் தேர்ந்தெடுத்த நம் ஊராட்சிகளின் ஐந்து வருடம் 2026 அக்டோபரோடு சரி. அடுத்த தேர்தல் நேரத்துக்கு வருகிறதா என்று பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் வர மாட்டார்கள். அங்கே நீங்கள் போன வாக்குச்சாவடிகளின் பெயரையெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊரில் உங்கள் வார்டு உறுப்பினர் யார்? கடைசியாக எந்தக் கிராம சபைக்குப் போனீர்கள்? பதில் எழுதுங்கள். அரைப் பக்கம் போதும்.