நிறங்களைக் கண் பிரித்தறிவது எப்படி? கேள்வி பதில்

மகேஷ்: போன் திரையில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள்தான் இருக்காம். அப்போ மஞ்சள் எப்படித் தெரியுது சார்?

பதில்: மஞ்சள் ஒளி அங்கே கிடையவே கிடையாது. திரையில் மஞ்சள் படம் ஒன்றை வைத்து, ஊசிமுனை அளவு தண்ணீர் விட்டுப் பாருங்கள். துளிக்கு அடியில் சிவப்பும் பச்சையும் மட்டும் எரியும், நீலம் அணைந்திருக்கும்.

விழித்திரையில் கூம்பு செல்கள் மூன்று வகை. அவை மிக அதிகமாகப் பிடிக்கும் ஒளியின் அலைநீளம், அதாவது உச்சம், சுமார் 420, 530, 560 நானோமீட்டர். எத்தனை ஒளித்துகள் பிடித்தோம் என்பதுதான் ஒரு கூம்புக்குக் கணக்கு; அவற்றின் அலைநீளம் அதற்குத் தெரியாது. மூன்று கணக்கையும் நரம்புகள் ஒப்பிட்ட பிறகே நிறம். 580 நானோமீட்டர் மஞ்சள் ஒளி தரும் விகிதத்தையே சிவப்பும் பச்சையும் சேர்ந்து தந்துவிட்டால், கண் இரண்டையும் பிரிக்க முடியாது.

சுமதி: பட்டுப்புடவைக்குக் கடையில் கச்சிதமா மேட்ச் ஆன பிளவுஸ் துணி, வெளியே வந்ததும் வேற கலரா இருக்கு. சாயம் மோசமா?

பதில்: சாயத்தைக் குறை சொல்ல வேண்டாம். பட்டுக்கு ஒரு சாயம், பாலியெஸ்டருக்கு வேறு சாயம். ஒளியைத் திருப்பியனுப்பும் விதமும் வேறு. கடை விளக்கில் மூன்று கூம்புகளின் கணக்கும் தற்செயலாக ஒத்துப்போகும், வெயிலில் பிரிந்துவிடும். மலிவான எல்இடி ட்யூப்பில் ஆழ்ந்த சிவப்பு குறைவு என்பதால் மெரூனில் இந்தத் தகராறு அதிகம். பில் போடும் முன் இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். விசேஷம் இரவில் என்றால் மஞ்சள் விளக்கிலும் ஒருமுறை. புடவையோடு வரும் பிளவுஸ் என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

செல்வி: பொழுது சாய்ந்ததும் செம்பருத்திப் பூ கறுத்து, இலை மட்டும் வெளுப்பாத் தெரியுதே?

பதில்: மங்கலில், விழித்திரையின் இன்னொரு வகையான கோல் செல்கள் வேலைக்கு வரும். அவற்றின் உச்சம் சுமார் 500 நானோமீட்டர். சிவப்பு அவற்றுக்குக் கிட்டத்தட்ட இருட்டு; இலையின் பச்சை அந்த உச்சத்துக்கு அருகில் என்பதால் வெளுப்பாகத் தெரியும்.

ரவி: ஏழு வயசுப் பையன் பிரவுனையும் பச்சையையும் மாத்திச் சொல்றான். எங்க ரெண்டு பேருக்கும் குறை இல்லை. மாமனாருக்கு உண்டு.

பதில்: மாமனார் வழிதான். 530, 560 கூம்புகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து உள்ளன. மகளுக்கு அப்பா கொடுப்பது அந்த ஒரே எக்ஸ். உங்கள் மனைவிக்கு இன்னொரு எக்ஸ் சரியாக இருப்பதால் குறை தெரியவில்லை. அவருடைய ஒவ்வொரு மகனுக்கும் 50 சதவீத வாய்ப்பு.

பையனைச் சோதிக்க, நிறப்புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா படங்களை அச்சுப் புத்தகத்தில், பகல் வெளிச்சத்தில், 75 செ.மீ. தள்ளி, ஒரு படத்துக்கு 3 வினாடிக்குள் படிக்கச் சொல்ல வேண்டும். ஆப் வேண்டாம், திரைக்குத் திரை நிறம் மாறும். இது சிவப்பு-பச்சைக் குறையை மட்டுமே பிடிக்கும். அதுவரை க்ரேயான்களில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டுங்கள், பையனைத் திட்டாதீர்கள்.

ரவி: இந்தக் குறைக்குன்னு விக்கிற கலர் கண்ணாடி வாங்கலாமா?

பதில்: அந்தக் கண்ணாடி, 530, 560 கூம்புகள் இரண்டும் சேர்ந்து தூண்டப்படும் அலைநீளங்களை வெட்டுகிறது. லேசான குறைக்குச் சில நிறங்கள் தூக்கலாகத் தெரியலாம். ஒரு வகைக் கூம்பே வேலை செய்யாதவருக்கு அது புதுக் கூம்பு தராது. முதலில் எந்த வகை, எவ்வளவு குறை என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள்.