ஈயமும் பாதரசமும் குழந்தையின் மூளையும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

கேள்வி: பெரியவர்களிடம் எந்த அறிகுறியும் காட்டாத அளவு ஈயம், குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் என்று படித்தேன். ஒரே வீட்டில் அதே காற்று, அதே தண்ணீர், அதே சாப்பாடு என்று இருக்கும்போது ஏன் இந்த வேறுபாடு?
– தொடக்கப்பள்ளி ஆசிரியை, திருச்சி

பதில்: சாப்பாடு ஒன்றுதான், அது போய்ச் சேரும் உடல் வேறு. விழுங்கிய ஈயத்தில் பெரியவரின் குடல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினால், சிறு குழந்தையின் குடல் பாதியளவு வரை உறிஞ்சிவிடும். தரையில் தவழ்ந்து, அதே கையை வாயில் வைக்கும் வயது என்பதால், வீட்டுத் தூசியில் உள்ளதும் குழந்தையின் வயிற்றுக்குள் போகிறது. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். குடலில் இரும்பை உள்ளே எடுத்துச் செல்லும் வழியையே ஈயமும் பயன்படுத்திக்கொள்கிறது. இரத்தசோகை பரவலாக உள்ள நம் நாட்டில் இது சாதாரண விஷயம் அல்ல.

இதைவிட முக்கியமானது காலம். நரம்பணுக்களில் பெரும்பாலானவை குழந்தை பிறக்கும் முன்பே உருவாகிவிடுகின்றன. பிறந்த பிறகு, முதல் சில ஆண்டுகளில், அவற்றுக்கிடையே இணைப்புகள் ஏராளமாக உண்டாகி, பயன்படுபவை வலுப்பெறுகின்றன, பயன்படாதவை களையப்படுகின்றன. எந்த இணைப்பு நிலைக்கும், எது நீங்கும் என்பதை முடிவுசெய்யும் சமிக்ஞைகளில் கால்சியத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஈயம் உடலுக்குள் கால்சியம் போலவே நடந்துகொள்ளும். கால்சியம் நுழையும் வாயில்கள் வழியாக மூளைக்குள் புகுந்து, நரம்பணுக்களில் சமிக்ஞையை வாங்கும், கற்றலுக்கும் நினைவுக்கும் அடிப்படையான என்.எம்.டி.ஏ. ஏற்பிகளின் வேலையைத் தடுக்கிறது. வளர்ந்து முடிந்த மூளையில் ஒரு வேலை தடைப்படுவதற்கும், அமைந்துகொண்டிருக்கும் மூளையில் அமைப்பே மாறிப்போவதற்கும் உள்ள வேறுபாடுதான் நீங்கள் கேட்டது.

நீங்கள் ஆசிரியை என்பதால் ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள செல்சி, சோமர்வில் என்ற இரண்டு ஊர்களில், விழுந்த பால் பற்களை முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளிடமிருந்து சேகரித்து, அவற்றில் இருந்த ஈயத்தை அளந்தார் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற மருத்துவர். யாருடைய பல்லில் எவ்வளவு ஈயம் என்று தெரியாத வகுப்பாசிரியர்களிடமே குழந்தைகளைப் பற்றிக் கேட்கப்பட்டது: கவனம் நிலைக்கிறதா, தொடங்கியதை முடிக்கிறதா, அடுத்தடுத்துச் சொல்லும் கட்டளைகளைப் பின்பற்ற முடிகிறதா? பல்லில் ஈயத்தின் அளவு கூடக் கூட, 'இல்லை, முடியவில்லை' என்ற வகையிலான பதில்களும் கூடின. நுண்ணறிவு ஈவும் (ஐ.க்யூ.) குறைந்திருந்தது. அந்தக் குழந்தைகளில் ஒருவருக்கும் ஈய நச்சு என்று எந்த மருத்துவரும் பெயர் சூட்டியிருக்கவில்லை. 1979-ல் வெளிவந்த இந்த ஆய்வைக் குலைக்க ஈயத் தொழில்துறை சார்பில் பெரும் முயற்சி நடந்தது, ஆய்வு நிலைத்தது.

பிறகு 2005-ல், ஏழு ஆய்வுகளிலிருந்து 1,333 குழந்தைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஈயம் 2.4 மைக்ரோகிராமிலிருந்து 10 ஆக உயரும்போது நுண்ணறிவு ஈவு சுமார் 3.9 புள்ளிகள் குறைவதும், 10-லிருந்து 20 ஆக உயரும்போது மேலும் 1.9 புள்ளிகள் மட்டுமே குறைவதும் தெரிந்தது. அதாவது, குறைந்த அளவில்தான் ஒவ்வொரு மைக்ரோகிராமும் அதிகமாகப் பறிக்கிறது. 1960-களில் 60 மைக்ரோகிராம் வரை கவலைப்படாதிருந்த அமெரிக்க மருத்துவ உலகம், 1991-ல் 10 என்றும், 2012-ல் 5 என்றும், 2021-ல் 3.5 என்றும் எல்லையைக் குறைத்துக்கொண்டே வந்தது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒரு குழந்தையிடம் மூன்று புள்ளிகள் குறைந்ததை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. 'படிப்பு ஏறவில்லை', 'விளையாட்டுப் புத்தி' என்று சொல்லிக் கடந்துவிடுவோம். அதனாலேயே இத்தனை காலம் இது கண்ணில் படாமல் போனது.

கேள்வி: மாமியார் கொடுத்த ஈயச் சொம்பில்தான் எங்கள் வீட்டில் ரசம் வைக்கிறோம். நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. அதைப் பயன்படுத்தலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முறைப்படி செய்த ரசச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது நான் மேலே சொன்ன ஈயம் அல்ல. மூளையைப் பாதிப்பது காரீயம். சிக்கல் என்னவென்றால், வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. இரண்டும் உருக்கினால் எளிதில் ஒன்றோடொன்று கலக்கும். கலந்த பிறகு பார்வைக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. காகிதத்தில் தேய்த்து, கருங்கோடு விழுகிறதா என்று பார்க்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. சிறிதளவு கலப்பை அது காட்டிக்கொடுக்காது. காரீயம் கலந்திருந்தால், புளியும் தக்காளியும் கொதிக்கும்போது அது ரசத்தில் இறங்கும்.

உங்கள் மாமியாரின் சொம்பு நல்ல வெள்ளீயமாகவே இருக்கலாம். ஆனாலும், உலோகங்களை எக்ஸ்ரே கதிர் மூலம் பரிசோதிக்கும் இடத்தில் அதைக் காட்டிச் சரிபார்க்கும் வரை எவர்சில்வர் பாத்திரத்தில் ரசம் வையுங்கள். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவதிலும் இதே கலப்படம் நடக்கலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். குழந்தை பிறந்த பிறகு, பாரம்பரியம் என்று சொல்லி சுர்மா மை எதையும் கண்ணில் தீட்ட வேண்டாம்; சுர்மாவில் காரீய சல்ஃபைடு இருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது.

மஞ்சள்தூளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பளிச்சென்ற நிறத்துக்காக ஈயக் குரோமேட் என்னும் மஞ்சள் சாயத்தை மஞ்சளில் பூசும் வழக்கம் வங்கதேசத்தில் இருந்தது. 2019-ல் அங்குள்ள சந்தைகளில் எடுத்த மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் இருந்தது. அரசு சந்தைகளில் சோதனை நடத்தி, அபராதம் விதித்து, மக்களிடம் விளக்கிச் சொன்ன பிறகு, 2021-ல் அது பூஜ்யமானது. நஞ்சை இரண்டே ஆண்டுகளில் உணவிலிருந்து அகற்ற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை. மஞ்சள் கிழங்கை வாங்கி வெயிலில் காயவைத்து, நீங்களே அரைவை நிலையத்தில் கொடுத்து அரைப்பது நல்லதுதான். கிழங்கின் மேலேயே சாயம் பூசுவார்கள் என்பதால், அளவுக்கு மீறிப் பளபளக்கும் கிழங்கைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். எங்களுக்கு எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. வேலையை உடனே விட முடியாத நிலை. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, நீங்கள் கேட்டது நல்லது. செனகலில் டக்கார் அருகேயுள்ள ஒரு குடியிருப்பில், பழைய பேட்டரிகளை உடைத்த மண்ணிலிருந்து வந்த ஈயத்தால் 2007 இறுதிக்கும் 2008 தொடக்கத்துக்கும் இடையே 18 குழந்தைகள் இறந்தனர். வேலை செய்பவரின் சட்டை, தலைமுடி, செருப்பு ஆகியவற்றில் ஒட்டிவரும் தூசியே உங்கள் வீட்டுக்கு வரும் ஆபத்து.

கணவர் பட்டறையிலேயே குளித்து, உடையும் செருப்பும் மாற்றிக்கொண்டு வர வேண்டும். அது முடியாதென்றால் வாசலுக்கு வெளியே உடை மாற்றி, குளித்த பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். அந்த உடைகளைத் தனியாக ஊறவைத்துத் துவையுங்கள், உதறாதீர்கள். வீட்டைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும், ஈரத்துணியால் துடையுங்கள். பட்டறையிலிருந்து மரக்கட்டை, டப்பா, தகரம் எதையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். ஆனால் மூவருமே இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடும்போதும் இது முக்கியம்: ஈயம் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கி, கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கால்சியத்தோடு சேர்ந்து வெளியேறி, நஞ்சுக்கொடி வழியாகக் கருவை அடையும்.

கேள்வி: கர்ப்பிணிகள் மீன் சாப்பிட்டால் பாதரசம் சேரும் என்று பயமுறுத்துகிறார்கள். கடற்கரையில் வாழும் நாங்கள் மீனை விட முடியுமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: விட வேண்டாம். மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு கருவின் மூளைக்குத் தேவையானது. எந்த மீன் என்பதுதான் கேள்வி. பாதரசம் நீரடிச் சேற்றில் பாக்டீரியாக்களால் மெத்தில் பாதரசமாக மாறி, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்குப் போகப் போகச் செறிவு கூடும். சுறா, கொப்பரன், பெரிய சூரை ஆகியவற்றைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தவிர்க்கட்டும். பெரிய வஞ்சிரத்தைக் குறைத்துக்கொள்ளட்டும். சாளை, நெத்திலி, காரல் போன்ற சிறு மீன்களைத் தயங்காமல் சாப்பிடலாம்.

இந்தப் பயத்துக்குக் காரணமான ஊர் ஜப்பானின் மினமாட்டா. அங்கே ஒரு வேதிப்பொருள் ஆலை 1932 முதல் 1968 வரை விரிகுடாவில் கழிவைக் கொட்டியது. 1956-ல் நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. லேசான அறிகுறி மட்டுமே இருந்த தாய்மாருக்கு, நடக்கவோ பேசவோ முடியாத பிள்ளைகள் பிறந்தனர். நஞ்சு நஞ்சுக்கொடியைத் தாண்டாது என்று அன்றைய மருத்துவம் நம்பியிருந்தது. ஜப்பானியர்கள் குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திப் பெட்டியில் வைத்துக் காப்பது வழக்கம். மருத்துவர் மசசுமி ஹராடா அந்தக் கொடிகளைக் கேட்டு வாங்கிப் பரிசோதிக்கச் செய்தபோது, உள்ளே மெத்தில் பாதரசம் இருந்தது. கருவில் இருக்கும்போதே நஞ்சு சேர்ந்ததற்கு, தாய்மார் பாதுகாத்துவைத்த கொடிகளே சாட்சியாயின.

கேள்வி: நான்கு வயது மகனுக்கு இரத்தப் பரிசோதனையில் ஈயம் 8 மைக்ரோகிராம் என்று வந்திருக்கிறது. மருந்து தேவையில்லை என்கிறார் மருத்துவர். நஞ்சை வெளியேற்றும் மருந்து இருப்பதாக உறவினர் சொல்கிறார்கள்.
– வாசகர், சேலம்

பதில்: உங்கள் மருத்துவர் சொன்னது சரி. ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் 45 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கும்போது தரப்படுபவை. 20 முதல் 44 வரை இருந்த குழந்தைகளுக்கு அம்மருந்தைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2001-ல் வந்தது: இரத்தத்தில் ஈயம் குறைந்தது, அறிவுத்திறன் சோதனையில் முன்னேற்றம் இல்லை. உறவினர் சொல்லும் மருந்து எதுவென்று விசாரியுங்கள். ஆயுர்வேத மருந்தான நாக பஸ்மம் போன்றவற்றில் காரீயமே மூலப்பொருள்.

செய்ய வேண்டியது, ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவது. உரிந்து விழும் பழைய பெயின்ட், பாத்திரம், மஞ்சள்தூள், வண்ணம் உதிரும் பொம்மை, அருகிலுள்ள பட்டறை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த சுவரைச் சுரண்டவோ உலர்ந்த நிலையில் தேய்க்கவோ கூடாது. இரும்புச்சத்தும் கால்சியமும் குறையாத உணவு கொடுங்கள்: முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, பால். மகனோடு பேசுங்கள், கதை சொல்லுங்கள், பாலர் பள்ளிக்கு அனுப்புங்கள். வளரும் மூளைக்கு இவை உண்மையாகவே உதவும். மூன்று மாதம் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள். அதே வீட்டில் அவனுக்குத் தம்பியோ தங்கையோ இருந்தால், அந்தக் குழந்தைக்கும் இப்போதே பரிசோதனை செய்துவிடுங்கள்.