ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள்

நர்சிங் மாணவர்களின் கேள்விகளுக்கு, வார்டிலும் வகுப்பறையிலுமாக 36 ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்ற நர்சிங் ஆசிரியை பதில் சொல்கிறார்.

மேடம், மெடிக்கல் வார்டில் ஒரு தாத்தாவுக்குக் காலை டிகாக்சின் மாத்திரை. பல்ஸ் பார்த்தேன், 52. சீனியரிடம் சொன்னேன். "ஆர்டர் இருக்கில்ல, குடுத்துடு" என்றார். கொடுத்துவிட்டேன். செய்தது சரியா?
— இரண்டாம் ஆண்டு மாணவி, நாமக்கல்

சரியில்லை, அம்மா. பல்ஸ் பார்க்கத் தோன்றியது நல்ல விஷயம். பார்த்த பிறகும் கொடுத்ததுதான் என் கவலை.

டிகாக்சின் இதயம் சுருங்கும் வலுவைக் கூட்டும், துடிப்பின் வேகத்தைக் குறைக்கும். ஏற்கெனவே மெதுவாகத் துடிக்கும் இதயத்தை அது இன்னும் மெதுவாக்கிவிடலாம். அதனால், டாக்டர் வேறு எல்லை எழுதியிருந்தாலொழிய, பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையைக் கொடுக்காமல் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். மணிக்கட்டில் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் வேலை இங்கே உதவாது. இந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் பலருக்குத் துடிப்பு ஒழுங்காக இருக்காது. இதயம் துடிக்கும், ஆனால் அந்தத் துடிப்பு கைக்கு வந்து சேராது. ஸ்டெதஸ்கோப்பை இடது மார்பில் ஐந்தாவது விலா இடைவெளியில் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். இதுதான் ஏபிகல் பல்ஸ்.

அப்புறம் தாத்தாவிடம் பேச்சுக் கொடுங்கள். சாப்பாடு இறங்குகிறதா, குமட்டுகிறதா, கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறதா? இந்த மருந்துக்கு மூலமான செடியின் இலையைக் கொடுத்துப் பார்த்த ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங், அளவு மிஞ்சினால் பொருள்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரியும், நாடி 35 வரைகூட இறங்கும் என்று 1785-லேயே எழுதிவிட்டார். கேஸ் ஷீட்டில் சிறுநீரைக் கூட்டும் மருந்தான லாசிக்ஸும் இருந்தால் பொட்டாசியம் ரிப்போர்ட்டைத் தேடிப் பாருங்கள். லாசிக்ஸ் பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். பொட்டாசியம் குறைந்தால் வழக்கமான அளவு டிகாக்சின்கூட நஞ்சாகலாம்.

சீனியரை எதிர்த்துச் சண்டை போடச் சொல்லவில்லை. "சிஸ்டர், ஏபிகல் பல்ஸ் 52 இருக்கு, டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுட்டு குடுக்கட்டுமா?" என்று கேட்டால் போதும். நோட்ஸில் நேரம், பல்ஸ், மருந்து கொடுக்கவில்லை, எந்த டாக்டரிடம் சொன்னீர்கள், இந்த நான்கையும் எழுதுங்கள். ஆர்டர் எழுதியவர் அந்த நேரத்தில் கட்டிலருகே இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள்.

டிரிப் கணக்கு வரவே மாட்டேன் என்கிறது.
— முதலாம் ஆண்டு மாணவி, தேனி

மில்லியை, செட்டின் (டிரிப் குழாயின்) சொட்டு எண்ணால் பெருக்கி, நிமிடத்தால் வகுங்கள். 500 மில்லி, 4 மணி நேரம், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் 10,000-ஐ 240-ஆல் வகுக்க வேண்டும்: நிமிடத்துக்கு 42 சொட்டு. செட்டின் உறையில் சொட்டு எண் அச்சிட்டிருக்கும், அதைப் பார்க்காமல் கணக்குப் போடாதீர்கள். மைக்ரோ செட்டில் அது 60.

இன்சுலின் சிரிஞ்சில் சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி என்று இரண்டு இருக்கிறதே, எதை எடுத்தாலும் ஒன்றுதானா?
— ஜி.என்.எம். மாணவர், விழுப்புரம்

ஒன்றே இல்லை, தம்பி. நம் ஊரில் கிடைக்கும் இன்சுலின் வயலில், அதாவது மருந்துக் குப்பியில், பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி. இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். ஆரஞ்சு மூடி சிரிஞ்சின் கோடுகள் 100 யூனிட் மருந்துக்கானவை. பேனா ரிப்பேர் என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை உறிஞ்சினால் உள்ளே போவது 50 யூனிட். இரவு இரண்டு மணிக்கு அந்த நோயாளி சர்க்கரை இறங்கி வியர்த்து மயங்கிக் கிடப்பார், தூங்குகிறார் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். மூடி நிறத்தை மட்டும் நம்பாமல், வயலில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் வாய்விட்டுப் படியுங்கள். சிரிஞ்சில் மருந்தை ஏற்றிய பிறகு, போடும் முன் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

புற்றுநோய் என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று மகன் கேட்டுக்கொண்டார். அன்று மாலையே அப்பா என் கையைப் பிடித்து, "எனக்கு என்னம்மா நோய்?" என்றார். அல்சர் என்று சொல்லிவிட்டேன்.
— மூன்றாம் ஆண்டு மாணவி, தஞ்சாவூர்

மகனுக்கு இருப்பது பாசமும் பயமும். அதற்காக நாம் பொய் சொல்லக் கூடாது. நோயின் பெயரைச் சொல்லும் பொறுப்பும் மாணவியான உங்களுடையது அல்ல, அது டாக்டருடையது. அடுத்த முறை யாராவது இப்படிக் கேட்டால் உட்காருங்கள். "ஐயா, டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாங்க? உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேளுங்கள். பாதிப் பேருக்கு மேல் அரைகுறையாக ஊகித்துத்தான் இருப்பார்கள் என்பது என் அனுபவம். பிறகு, "நீங்க கேட்டதை டாக்டர்கிட்ட இன்னைக்கே சொல்றேன்" என்று சொல்லி, அப்படியே செய்யுங்கள். மகனிடமும் பேசுங்கள்: அப்பா கேட்க ஆரம்பித்துவிட்டார், இனி மறைத்தால் அவர் தனியாகப் பயப்படுவார்.

கேஸ் ஷீட்டைப் படமெடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவது தவறா? படிக்கத்தானே?
— இரண்டாம் ஆண்டு மாணவர், வேலூர்

தவறுதான். தேவையானதைப் பெயரும் ஐ.பி. எண்ணும் (உள்நோயாளி எண்) இல்லாமல் கையால் குறித்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. உள்ளவர் என்றால், அவர் சம்மதமின்றி அதை வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

பக்கத்துக் கட்டில்காரருக்கான பி.பி. மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, டிஸ்சார்ஜும் ஆகிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. தூக்கம் வரவில்லை மேடம்.
— பெயர் வேண்டாம்

எனக்கும் இப்படி ஒரு ராத்திரி உண்டு, கண்ணு. 1984, வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். அடுத்தடுத்த கட்டிலில் ஒரே பெயரில் இரண்டு பாட்டிகள். ஒருவருக்கான லாசிக்ஸ் ஊசியை மற்றவருக்குப் போட்டேன். அவர் மூன்றாவது முறை பெட்பான் கேட்டபோதுதான் உறைத்தது. கை நடுங்க டியூட்டி டாக்டரிடம் போய்ச் சொன்னேன். விடிய விடிய அரை மணிக்கு ஒரு தரம் பி.பி. பார்த்தோம், காலையில் பொட்டாசியத்துக்கு ரத்தம் அனுப்பினோம். பாட்டியிடமும் டாக்டரோடு நின்று உண்மையைச் சொன்னேன்.

காலையில் வந்த வார்டு சிஸ்டர் முதலில் கேட்டது, "பாட்டிக்கு பி.பி. எவ்வளவு?" என்றுதான். பிறகு பிளாஸ்திரியைக் கத்தரித்து, பெயரையும் ஐ.பி. எண்ணையும் எழுதி, இரண்டு பாட்டிகளின் மணிக்கட்டிலும் ஒட்டினார். மாலைக்குள் வார்டில் எல்லார் கையிலும் பிளாஸ்திரி இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது ஒட்டப்பட்டிருக்காது.

உங்கள் நோயாளி வீட்டுக்குப் போயிருக்கலாம், அந்த இரண்டு கட்டில்கள் அங்கேயேதான் இருக்கின்றன. உங்கள் டியூட்டரிடம் போய், எந்த மாத்திரை, எத்தனை மணி, எப்படி மாறியது என்று சொல்லுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.