ஓடவும் நீந்தவும் ஒரே வாட்ச், பதினஞ்சாயிரத்துக்குள்ள கிடைக்குமா?

கேள்வி: நான் மடிப்பாக்கம். ஜனவரியில வர்ற சென்னை மாரத்தான்ல 10 கிலோமீட்டர் ஓடலாம்னு இருக்கேன், இப்ப போனை கைல பட்டை போட்டு கட்டிக்கிட்டு ஓடுறேன், வேர்வையில நசநசன்னு ஆயிடுது. வாரத்துல ரெண்டு நாள் வேளச்சேரில நீச்சலும் போறேன். ஆபீஸ்ல ஒரு பையன் 2,500 ரூபாய்க்கு ஒரு வாட்ச் வாங்கிருக்கான், டப்பால ஜிபிஎஸ், ஸ்விம்மிங், நூறு ஸ்போர்ட்ஸ் மோட்னு எல்லாமே போட்டிருக்கு. கடைல கேட்டா 30 ஆயிரத்துக்கு கார்மின் எடுத்துக்கோங்கன்றாங்க. நடுவுல ஒண்ணுமே இல்லையா? என் பட்ஜெட் 15 ஆயிரம், ரொம்ப அவசியம்னா 20 வரைக்கும் இழுக்கலாம்.

பதில்: நடுவுல நிறைய இருக்குங்க. முதல்ல அந்த 2,500 ரூபா வாட்ச் கதைய முடிச்சிடலாம். டப்பால ஜிபிஎஸ்னு போட்டிருந்தா மட்டும் போதாது, அது வாட்ச்சுக்குள்ளயே இருக்கா இல்ல உங்க போன்ல இருக்குற ஜிபிஎஸ்ஸ கடன் வாங்குதான்னு பாக்கணும். "கனெக்டட் ஜிபிஎஸ்", "ஜிபிஎஸ் சப்போர்ட்", "ஜிபிஎஸ் வயா ஆப்" இப்படி சுத்தி வளைச்சு எழுதிருந்தா வாட்ச்ல ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். போன வீட்ல வெச்சுட்டு ஓடினா நீங்க வெச்ச அடிய எண்ணி ஒரு அடிக்கு இவ்ளோ நீளம்னு தோராயமா பெருக்கி தூரம்னு காட்டும், அவ்ளோதான். நீங்க போனை கழட்டி வெக்கத்தான வாட்ச்சே தேடுறீங்க, அப்ப "பில்ட் இன் ஜிபிஎஸ்"னு தெளிவா போட்டிருக்கறத மட்டும் பாருங்க. நூறு ஸ்போர்ட்ஸ் மோட்ல முக்காவாசி வெறும் பேர்தான், உள்ள ஓடுறது ஸ்டாப்வாட்ச்சும் ஹார்ட் ரேட்டும் மட்டும்தான், அத பாத்து மயங்காதீங்க.

அடுத்தது தண்ணி. இங்கதான் நிறைய பேர் காசு விடுறாங்க. தூசி, தண்ணி உள்ள போகாதுன்னு குடுக்குற ரேட்டிங் ஐபி68, அது போட்டிருந்தா தண்ணில போடலாம்னு நெனச்சுக்குறாங்க, ஆனா அந்த டெஸ்ட் நல்ல தண்ணில அசையாம வெச்சு பண்றது, குளோரின் தண்ணில கைய வீசி வீசி அடிக்கிறதுக்கு அது கேரண்டி இல்ல. நீச்சலுக்குன்னா 5 ஏடிஎம் இருக்கணும். அதுவும் 50 மீட்டர் ஆழத்துக்கு போகலாம்னு அர்த்தம் கிடையாது, 50 மீட்டர் ஆழத்துல அசையாத தண்ணி குடுக்குற அழுத்தத்த தாங்கும்னுதான் அர்த்தம், குளத்துல நீந்த அது தாராளம். ஒரே கம்பெனிலயே இந்த வித்தியாசம் இருக்கு பாருங்க, அமேஸ்ஃபிட் பிப் 5 வெறும் ஐபி68, அதுக்கு அடுத்து 2025ல வந்த பிப் 6 வந்து 5 ஏடிஎம். பேர்ல ஒரு நம்பர்தான் மாறுது, ஆன்லைன்ல ஆஃபர பாத்து அவசரத்துல பழசை அமுக்கிடாதீங்க.

இப்ப உங்களுக்கு ஆச்சரியமா இருக்கப்போற ஒரு விஷயம். குளத்துல ஜிபிஎஸ்ஸுக்கு வேலையே இல்ல. சாட்டிலைட் சிக்னல் தண்ணிக்குள்ள வராது. வாட்ச் என்ன பண்ணுதுன்னா கை அசைவ வெச்சு கணக்கு போடுது, செவத்த காலால உதைச்சு கிளம்புறீங்கள்ல, அந்த வேகம், அப்புறம் கை வீச்சு ஒரே சீரா போறது, திரும்ப செவுத்துகிட்ட வந்து திரும்புறது, இதெல்லாம் சேத்து ஒரு லேப்னு எண்ணி குளத்தோட நீளத்தால பெருக்குது. அதனால குளம் எத்தன மீட்டர்னு நீங்கதான் செட் பண்ணணும். வேளச்சேரில பெரிய குளம் 50 மீட்டர், ஆனா குறுக்கால அகலவாட்டுல நீந்த விட்டாங்கன்னா 25தான், அந்த செட்டிங்க மாத்தாம இறங்கினா தூரம் டபுளாயிடும், இல்ல பாதியாயிடும். நடு லேன்ல ஒரு அங்கிள் குறுக்க வந்து நின்னு நீங்களும் நின்னு திரும்ப கிளம்பினீங்கன்னா வாட்ச் அத ஒரு லேப்னு சேத்துக்கும், 30 ஆயிரம் ரூபா வாட்ச்சும் இப்படி ஏமாறும். பலகைய புடிச்சுக்கிட்டு கால் மட்டும் அடிச்சா கை அசையாததால ஒண்ணுமே எண்ணாது. அப்பார்ட்மென்ட்ல இருக்குற அவரக்கொட்டை ஷேப் குட்டி குளத்துல எந்த வாட்ச்சும் சரியா வராது, அதுக்காக வாட்ச்ச திட்டாதீங்க.

ஆக நீச்சலுக்குன்னு தனியா காசு கொட்ட வேண்டாம். 5 ஏடிஎம், பூல் ஸ்விம் மோட், பட்டன், இந்த மூணும் போதும். பட்டன ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா நம்ம ஊர் வேர்வை அப்படி. பெசன்ட் நகர் பீச்ல காலைல ஆறரைக்கு ரெண்டு கிலோமீட்டர் ஓடிட்டு டச் ஸ்க்ரீன்ல பாஸ் (ஓட்டத்த நிறுத்தி வெக்கிறது) அமுக்கி பாருங்க, விரல் வழுக்கும், வேற ஏதோ ஓபன் ஆகும், நீங்க நின்னு துடைச்சு திரும்ப அமுக்குறதுக்குள்ள டைம் ஓடிட்டே இருக்கும். தண்ணில சொல்லவே வேணாம், அதனாலதான் நீச்சல் மோட்ல நிறைய வாட்ச் டச்ச தானாவே லாக் பண்ணிடுது, பட்டன்தான் கதி.

சரி, எத வாங்க. உங்க 15க்குள்ள பிப் 6 தாராளமா அடங்கும், இங்க வந்தப்போ 7,999 ரூபா. ஜிபிஎஸ் உள்ளயே இருக்கு, பெரிய அமோலெட் ஸ்க்ரீன், ரெண்டு பட்டன். 10 கிலோமீட்டருக்கும் வாரம் ரெண்டு நாள் நீச்சலுக்கும் இது பத்தும், மிச்ச காசுல நல்ல ஷூ வாங்குங்க. ஓட்டத்துல சீரியஸா இறங்கப்போறீங்க, அடுத்து ஹாஃப் மாரத்தான்னு மனசுல இருக்குன்னா கார்மின் ஃபோர்ரன்னர் 55. 2021ல 20,990க்கு வந்தது, பழைய மாடல்ங்கறதால ஸ்டாக் இருக்குற எடத்துல ஆஃபர் நேரத்துல குறைச்சு குடுக்க வாய்ப்பிருக்கு. ஸ்க்ரீன் பாக்க டல்லா இருக்கும், உங்க ஆபீஸ் பையன் சிரிப்பான், ஆனா அஞ்சு பட்டன், டச்சே கிடையாது, வெயில்ல பளிச்சுன்னு தெரியும், ஜிபிஎஸ் போட்டு 20 மணி நேரம் வரைக்கும் வரும்னு கம்பெனி சொல்லுது. என்கிட்ட கேட்டா நான் இதத்தான் சொல்வேன். ஒண்ணு மட்டும் கவனம், 55 குளத்துக்கு மட்டும்தான், கடல் நீச்சல் மோட் அதுல இல்ல. இதுக்கு முந்தின 45ல நீச்சல் மோடே கிடையாது, செகண்ட் ஹேண்ட்ல சீப்பா வருதேன்னு அத வாங்கிடாதீங்க.

கோவளம் பக்கம் போயி கடல்ல நீந்தணும்னு ஆசை வந்தாதான் மேல போகணும். கோரோஸ் பேஸ் 3 2023ல 229 டாலருக்கு வந்தது, நைலான் ஸ்ட்ராப்போட வெறும் 30 கிராம், ட்ரையத்லான் மோட் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் தொடர்ச்சியா பதியுறது), டூயல் பேண்ட் ஜிபிஎஸ் (ரெண்டு அலைவரிசைல சிக்னல் வாங்குறது) எல்லாம் உண்டு. கார்மின் ஃபோர்ரன்னர் 165 2024ல 249 டாலர், அதுல கடல் நீச்சல் உண்டு, ட்ரையத்லான் மோட் இல்ல. கடல்ல கை தண்ணிக்கு மேல வர்ற அந்த ஒரு நொடிதான் சிக்னல் கிடைக்கும், அதனால ஃப்ரீஸ்டைல்ல தூரம் ஓரளவு சரியா வரும், ப்ரெஸ்ட் ஸ்ட்ரோக்ல கை உள்ளயே இருக்கறதால மேப்ல கோடு தாறுமாறா போகும். எந்த வாட்ச் கட்டினாலும் தனியா இறங்காதீங்க.

கேள்வி: நானும் ஃப்ரெண்டும் ஒரே மாடல் வாட்ச்ச கட்டிக்கிட்டு ஓடினா எனக்கு 10.2, அவனுக்கு 10.1, ஆனா ரேஸ் 10 கிலோமீட்டர்தான். எது பொய் சொல்லுது?

பதில்: யாரும் பொய் சொல்லல. ரேஸ் தூரத்த வளைவுகள்ல இருக்கறதுலயே கம்மி தூரம் வர்ற பாதைல அளப்பாங்க, நீங்க கூட்டத்துல ஆளுங்கள சுத்திக்கிட்டு வெளி ஓரமா ஓடுவீங்க, கொஞ்சம் கூடத்தான் வரும். அதுக்கு மேல ஜிபிஎஸ்ஸும் இடத்த கொஞ்சம் தள்ளிக் காட்டும், உயரமான பில்டிங் நடுவுலயும் ஃப்ளைஓவர் அடியிலயும் இன்னும் மோசம். கிளம்புறதுக்கு முன்னாடி போன் ஆப்போட ஒரு தடவ சிங்க் பண்ணிட்டு, வெட்ட வெளில நின்னு சிக்னல் லாக் ஆன பிறகு ஸ்டார்ட் அமுக்குங்க, பாதி பிரச்சன அங்கயே போயிடும்.

கேள்வி: அமெரிக்கால இருக்குற மாமா பையன் வாங்கிட்டு வர்றேன்றான். ஆன்லைன்லயும் ஒரு செல்லர் ரொம்ப கம்மியா போட்டிருக்கான். வாங்கலாமா?

பதில்: மாமா பையன் கொண்டு வந்தா விலை குறையலாம், ஆனா அந்த வாரண்டி இங்க செல்லுமான்னு கம்பெனி சைட்ல பாத்துட்டு சொல்லுங்க, செல்லலன்னா ஒரு ரிப்பேர்லயே மிச்சம் புடிச்சது போயிடும். ஆன்லைன் செல்லர் கிட்ட டப்பா ஃபோட்டோ கேளுங்க, இறக்குமதி சாமான்னா எம்ஆர்பி, இறக்குமதி பண்ணவங்க பேரு அட்ரஸ், கஸ்டமர் கேர் நம்பர் இதெல்லாம் ஸ்டிக்கர்ல இருக்கணும்னு சட்டமே இருக்கு. அது இல்லன்னா பின்வாசல் வழியா வந்த சரக்கு, விட்டுடுங்க. வாரண்டி பேப்பர்ல தண்ணி புகுந்தா கவர் உண்டான்னும் படிங்க, ஸ்விம்மிங்னு பெருசா போட்டு வித்துட்டு "லிக்விட் டேமேஜ்"னு கைய விரிக்கிற கடை இருக்கு. அப்படி பண்ணினா 1915க்கு போன் போடுங்க, அதுக்கும் மசியலன்னா நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்கு ஃபீஸே கிடையாது, பில்ல மட்டும் பத்திரமா வெச்சுக்கோங்க.

வாங்கின கையோட, ரிட்டர்ன் டேட் முடியறதுக்குள்ள போன்ல ஒரு ரன்னிங் ஆப், வாட்ச்ல ரன்னிங் மோட்னு ரெண்டையும் ஒண்ணா ஓட விட்டு தூரம் தெரிஞ்ச ரோட்டுல ஒரு தடவ ஓடி பாருங்க. குளத்துலேர்ந்து வந்ததும் குழாய் தண்ணில அலசுங்க, சார்ஜ் போடுற பின்னு நல்லா காஞ்ச பிறகுதான் சார்ஜர் மாட்டணும், உப்பு வேர்வையோட மாட்டினா பின் அரிச்சுப் போயிடும். தண்ணிக்குள்ள இருக்கும்போது பட்டன அமுக்கலாமான்னு மேனுவல்ல ஒரு தடவ பாத்துக்கோங்க, சில மாடல்ல கூடாதுன்னு போட்டிருப்பாங்க.