கல்லூரி குவாட்டர்பேக் தேறுவாரா? முதலில் கால்களைப் பாருங்கள்

கேள்வி: "மூன்று வருடமாக அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் பார்க்கிறேன். ஏப்ரலில் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நெருங்கும்போது அலுவலக நண்பர்கள் சேர்ந்து, எந்தக் கல்லூரி குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) பெரிய ஆளாக வருவார் என்று ஆளுக்கொரு பெயர் எழுதி வைப்போம். நான் வீச்சில் கிடைத்த யார்டு, டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) எண்ணிக்கையைப் பார்த்துத்தான் எழுதுவேன். ஒவ்வொரு வருடமும் தப்பாகிறது. ஆட்டத்தைப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?"

இதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கும் தப்பாகிறது, கவலைப்படாதீர்கள். 2017 டிராஃப்டில் சிகாகோ பேர்ஸ் 2-ஆவது இடத்தில் மிட்செல் டிரூபிஸ்கியை எடுத்தது. பின்னாளில் பெரிய நட்சத்திரமான பேட்ரிக் மஹோம்ஸ் 10-ஆவது இடம் வரை காத்திருந்தார்.

உங்கள் எண்ணிக்கை ஏன் ஏமாற்றுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு ஸ்கிரீன் பாஸ் போடுகிறார். வாங்கியவர் 40 யார்டு ஓடுகிறார். அந்த 40-உம் குவாட்டர்பேக் கணக்கில்தான் ஏறும். பெரிய கல்லூரி அணியில் அவரைக் காக்க முன்வரிசையில் நிற்கும் லைன்மேன்கள் பலசாலிகள். நிதானமாக நின்று வீச நேரம் கிடைக்கும். தட்டையான பிட்சில் அடித்த சதம் மாதிரிதான் அது. சதம் பொய்யில்லை. ஆனால் பந்து எழும்பும் பிட்சில் இவர் என்ன செய்வார் என்று அது சொல்லாது.

ஆகவே தேர்டு டவுன்களை (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) மட்டும் பாருங்கள், அதிலும் 7 யார்டுக்கு மேல் தேவைப்படும் சமயங்களை. எல்லாருக்கும் பாஸ் வரப்போகிறது என்று தெரியும். எதிரணி முழு வேகத்தில் பாயும். அப்போது பந்தை விட்டுவிட்டு அவர் கால்களைப் பாருங்கள். நல்லவர் அரை அடி முன்னாலோ பக்கவாட்டிலோ நகர்ந்து, கண்ணைத் தூரத்தில் பந்தை வாங்க ஓடும் ரிசீவர்கள் மேலேயே வைத்திருப்பார். கால் ஊன்றியதும் பந்து கையை விட்டுப் போய்விடும். தடுமாறுபவர் பின்னாலேயே போய்க்கொண்டிருப்பார், கண் பாய்ந்து வருபவன் மேல் இருக்கும். ஒருமுறை இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் அப்புறம் உங்களால் பார்க்காமல் இருக்க முடியாது.

சி.ஜே. ஸ்ட்ரவுட் இதற்கு அருமையான பாடம். ஒஹாயோ ஸ்டேட்டில், பாதுகாப்பு நன்றாக இருந்தால்தான் ஆடுவார் என்ற பேச்சு அவர்மேல் இருந்தது. 2022 டிசம்பர் 31 அன்று ஜார்ஜியாவுக்கு எதிரான ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். அந்த முரட்டுத் தற்காப்புக்கு எதிரில் பாக்கெட் (லைன்மேன்கள் அவரைச் சுற்றி அமைக்கும் காப்பு) உடைந்த பிறகும் நகர்ந்து நகர்ந்து வீசினார்: 348 யார்டு, 4 டச்டவுன். ஒஹாயோ 42-41 என்று தோற்றது. என்னைக் கேட்டால், அவருடைய இரண்டு வருட எண்ணிக்கையைவிட அந்த ஒரு தோல்வி அதிகம் சொன்னது. அடுத்த வருடம் என்எஃப்எல்லின் ஹூஸ்டன் அணியில் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான்.

எண் வேண்டுமென்றால், நெருக்கடி வந்த முயற்சிகளில் எத்தனை சாக்கில் (வீசும் முன்பே அவரை வீழ்த்துவது) முடிந்தன என்று பாருங்கள். 100-க்கு 15-க்குக் கீழே என்றால் எனக்கு நிம்மதி. 25-ஐத் தாண்டினால் யோசிப்பேன். பந்தைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கும் பழக்கம் கூடவே வரும். காலெப் வில்லியம்ஸ் கல்லூரியில் அப்படிக் காத்திருந்துதான் மாயம் செய்தார். 2024-இல் என்எஃப்எல் முதல் சீசனில் 68 முறை சாக் ஆனார். லைன்மேன்கள் மேலும் தவறு உண்டு. மறு வருடம் பென் ஜான்சன் பயிற்சியாளராக வந்ததும் அது வெகுவாகக் குறைந்தது. அதனால் இதைத் தீராத நோயாக நினைக்க வேண்டாம்.

துல்லியத்துக்கு, பாஸ் பிடிபட்டதா என்பது மட்டும் போதாது. ரிசீவர் வேகம் குறைக்காமல், திரும்பி வளையாமல் ஓடிக்கொண்டே வாங்கினாரா? அதுதான் வீச்சின் தரம். "ஜாஷ் ஆலன் கல்லூரியில் வீசியதில் பிடிபட்டது 56 சதவீதம்தானே?" என்று உங்கள் நண்பர் கேட்பார். சரிதான். பஃபலோ அணியில் 2018-இல் 52.8 சதவீதமாக இருந்தவர் 2020-இல் 69.2-க்கு வந்தார். ஆனால் அது அபூர்வம். அவரைக் காட்டியே கை பலம் உள்ள ஒவ்வொருவர் மேலும் நம்பிக்கை வைக்கிறார்கள். ஃப்ளோரிடாவில் 53.8 சதவீதம் வீசிய ஆன்டனி ரிச்சர்ட்சனை 2023-இல் இண்டியானாபோலிஸ் 4-ஆவதாக எடுத்தது. 2024-இல் அவர் 47.7 சதவீதம்தான்.

எத்தனை ஆட்டத்தில் தொடக்க வீரராக இறங்கினார் என்பதையும் விடாதீர்கள். சான் பிரான்சிஸ்கோ அணி ஒன்றே போதும். எதிர்கால முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்துவிட்டு 2021-இல் 3-ஆவது இடத்தில் டிரே லான்ஸை எடுத்தார்கள். கல்லூரியில் அவர் தொடங்கியது 17 ஆட்டம். மறு வருடம் கடைசி இடமான 262-இல், அயோவா ஸ்டேட்டில் நான்கு வருடம் ஆடித் தேய்ந்த பிராக் பர்டி கிடைத்தார். 2023 சீசனில் அணியை சூப்பர் பௌல் இறுதிப் போட்டி வரை கூட்டிப் போனவர் பர்டி.

உயரம், டிராஃப்டுக்கு முன் நடக்கும் கம்பைன் திறன் சோதனையில் எதிராளி இல்லாமல் போடும் அழகான வீச்சுகள் ஆகியவற்றுக்கு நான் அதிக நேரம் தருவதில்லை. கை பலம் பார்க்க வேறு வழி இருக்கிறது. ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும்போது பந்தை இரு உள்கோடுகளுக்குள்தான் வைப்பார்கள்; கல்லூரி மைதானத்தில் அவற்றுக்கு இடையே 40 அடி, என்எஃப்எல்லில் 18.5 அடிதான். ஆகவே ஒரு பக்க உள்கோட்டில் இருந்து எதிர்ப்பக்க எல்லைக்கோட்டுக்கு வீசுவது கல்லூரியில் நிஜமாகவே நீளமான பாஸ். அது தொங்கிப் போகிறதா, நேர்கோட்டில் போகிறதா என்று கவனியுங்கள்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆட்டம் போதும்: அந்த வருடம் சந்தித்த பலமான எதிரணி, அப்புறம் தோற்ற ஆட்டம் ஒன்று. வர்ணனைச் சத்தத்தை அணைத்துவிடுங்கள். முடிந்தால் மைதானத்தின் பின்முனையில் இருந்து எடுத்த காட்சியைப் பாருங்கள். பக்கவாட்டுக் கேமராவில் கால்கள் சரியாகத் தெரியாது. பெயரை மட்டும் டிராஃப்ட் முடிந்த மறுநாள் எழுதுவதாக நண்பர்களிடம் பேசிப் பாருங்கள். மஹோம்ஸ் முதல் வருடம் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். உங்கள் ஆளை எடுத்த அணியில் அப்படி ஒரு மூத்தவரும் நல்ல லைன்மேன்களும் இருக்கிறார்களா என்று தெரிந்த பிறகு எழுதுங்கள்.